மலை மறையும்போது: தரையில் இருந்தபடியே பறக்கக் கற்பது

லூனாஸ் வட்டாரத்தில் இருக்கும் மாணவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஹோர்னெட் போர் விமானம் தலைக்கு மேல் போனால் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்தி, அது கடந்த பிறகுதான் தொடர வேண்டும். தென்மேற்கே திரும்பினால் புக்கிட் மெர்தாஜாம் மலை. உயரம் 545 மீட்டர். பிற்பகலில் மழை இறங்கிவிட்டால் அந்த மலை இருந்த சுவடே தெரியாது. வெள்ளைத் திரை ஒன்றுதான் தெரியும்.

தரையில் நிற்கும் நமக்கு அதனால் ஒன்றுமில்லை. அந்த வெள்ளைக்குள் பறப்பவருக்கு? மலை எங்கே, தரை எங்கே, தன் விமானம் நேராகப் போகிறதா சாய்ந்து போகிறதா என்பதை அவர் கண்ணால் பார்க்க முடியாது. உடம்பு சொல்வதையும் நம்ப முடியாது. இதை எங்கே பழகுவது? உண்மையான மேகத்துக்குள், உண்மையான மலைக்குப் பக்கத்தில் பழகினால் முதல் தவறே கடைசித் தவறாகிவிடும். அதற்காகத்தான் சிமுலேட்டர் என்னும் பாவனை விமானம் வந்தது.

முதலில் ஒரு சிறு சோதனை. சுழல் நாற்காலி ஒன்றில் உட்காருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, நண்பரை மெதுவாக, ஒரே சீரான வேகத்தில் சுற்றச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சுற்றுவது தெரியும். அரை நிமிடம் போனால் அந்த உணர்வு மங்கிவிடும். சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். இப்போது நண்பர் நாற்காலியை நிறுத்தட்டும். நின்றுவிட்ட நாற்காலி எதிர்த் திசையில் சுற்றுவதாக உங்களுக்குத் தோன்றும். (கண்ணைத் திறந்ததும் எழுந்து ஓடாதீர்கள், விழுந்துவிடுவீர்கள்.)

காரணம் உள்காதில் இருக்கிறது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் நிறைந்திருக்கிறது. தலை சுழலத் தொடங்கும்போது திரவம் பின்தங்குகிறது, அதை நரம்பு உணர்கிறது. சற்று நேரத்தில் திரவமும் குழாயோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினால் உணர்வதற்கு ஒன்றும் இல்லை. அதாவது, காது வேகத்தை உணர்வதில்லை. வேகத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் உணர்கிறது. மேகத்துக்குள் மெல்ல மெல்லச் சாயும் விமானத்தில் விமானி நேராக உட்கார்ந்திருப்பதாகவே நினைப்பார். கருவி “சாய்ந்திருக்கிறாய்” என்று காட்டும். உடம்பு “இல்லை” என்று சாதிக்கும். கருவியை நம்பப் பழகுவது மூளைக்கு எளிதல்ல. பல மணி நேரப் பயிற்சி வேண்டும்.

இந்தப் பயிற்சிக்குக் கருவி செய்தவர் எட்வின் லிங்க். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் அவர் தந்தைக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. 1920-ல் லிங்க் முதன்முதலாக விமானப் பாடம் கற்கப் போனார். கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பயிற்றுநர் அவரை ஏற்றிக்கொண்டு குட்டிக்கரணம் எல்லாம் போட்டுக் காட்டி இறக்கிவிட்டார். லிங்க் கட்டுப்பாடுகளைத் தொடக்கூட இல்லை. கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி இருந்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

நம் பஜனைகளில் வாசிக்கும் ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் காற்றைத் தள்ளுவது துருத்தி. ஆர்கனிலும் அதே துருத்திதான். லிங்க் சிறு விமானம்போல் ஒரு மரப்பெட்டி செய்து, அதைத் துருத்திகளின் மேல் உட்கார வைத்தார். விமானி கைப்பிடியை அசைத்தால் வால்வுகள் திறந்து மூடும். துருத்தி உப்பும், சுருங்கும். பெட்டி மூக்கைத் தூக்கும், பக்கவாட்டில் சாயும். 1929-ல் கருவி தயார். ஆனால் பயிற்சிப் பள்ளிகள் அதைச் சீந்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்களில் காசு போட்டு ஆடும் விளையாட்டாகத்தான் அது முதலில் விலை போனது.

நிலைமை மாற உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1934-ல் அமெரிக்க அரசு விமானத் தபால் சேவையை ராணுவ விமானப் பிரிவிடம் ஒப்படைத்தது. பனிக்காலம், இரவு, மோசமான வானிலை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பழக்கம் அந்த விமானிகள் பலருக்கு இல்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லிங்கின் கருவியைப் பற்றிப் பேச அதிகாரிகள் நூவர்க் விமான நிலையத்தில் காத்திருந்த நாளில் கடும் மூட்டம்; அவர் வர மாட்டார் என்று புறப்படத் தயாரானார்கள். லிங்க் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து வந்து இறங்கினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

மேகம் மட்டும் ஆபத்தல்ல. எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதையும் விமானி பழக வேண்டும். ஒரு காலத்தில் இதை உண்மையான விமானத்திலேயே பழகினார்கள். 1967 மார்ச் 30-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டெல்டா நிறுவனத்தின் டிசி-8 விமானம் பயிற்சிக்காகக் கிளம்பியது. நான்கு எஞ்சின்களில் இரண்டு பழுதானதாகப் பாவித்து, அவற்றின் விசையை வேண்டுமென்றே குறைத்துத் தரையிறங்க முயன்றார்கள். விமானம் கட்டுப்பாடு இழந்து வீடுகள்மீதும் ஒரு தங்கும் விடுதிமீதும் விழுந்தது. விமானத்தில் இருந்த 6 பேரும் தரையில் இருந்த 13 பேரும் இறந்தார்கள். அந்த 13 பேரில் 9 பேர் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து பள்ளிச் சுற்றுலா வந்து விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த மாணவர்கள். உங்கள் வயதுக்காரர்கள். பாவனையாக நடந்த பழுது, உண்மையான விபத்தில் முடிந்தது.

இன்று பயணிகள் விமானத்தை ஓட்டும் விமானி ஆண்டுக்கு இருமுறை தேர்வு கொடுக்க வேண்டும். ஓடுபாதையில் விரையும்போது சரியாக எழும்பும் நொடியில் எஞ்சின் ஒன்று நிற்கும், விமானி அறையில் புகை வரும், சக்கரம் இறங்காது. எல்லாம் சிமுலேட்டருக்குள். சிப்பாங்கில் உள்ள சி.ஏ.இ. பயிற்சி மையம் போன்ற இடங்களில் இது அன்றாட வேலை. ஏர்பஸ் ஏ320 விமானி அறையே அப்படியே இருக்கும். பொத்தான் ஒன்றுகூட இடம் மாறாது. வெளியே நின்று பார்த்தால்தான் அது ஆறு கால்கள்மேல் நிற்கும் பெரிய வெள்ளைப் பெட்டி என்று தெரியும்.

அந்த ஆறு கால்களுக்கும் நம் ரப்பர் தோட்டங்களுக்கும் தொடர்பு உண்டு. கால் ஒவ்வொன்றும் நீளும், சுருங்கும். ஆறையும் வெவ்வேறு அளவில் நீட்டிச் சுருக்கினால் மேடை முன்பின்னாக, இடவலமாக, மேலும் கீழுமாக நகரும். மூக்கைத் தூக்கும், பக்கம் சாயும், திரும்பும். ஆறு கால், ஆறு வகை அசைவு. இதுபோன்ற ஆறுகால் அமைப்பை 1950-களில் முதலில் கட்டியவர் எரிக் காஃப், பிரிட்டனின் டன்லப் நிறுவனப் பொறியாளர். விமானிக்காக அல்ல, டயரைச் சோதிக்க. டயர்மீது பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் விசை கொடுத்தால் அது எப்படித் தாங்குகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு பொறி தேவைப்பட்டது. பின்னர் மற்றவர்கள் அதே அமைப்பை விமானி அறைக்கு அடியில் வைத்தார்கள். ரப்பர் என்றாலே விடியற்காலையில் பால் வெட்டப் போன தாத்தா பாட்டிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். விமானச் சக்கரங்களில் இன்றைக்கும் இயற்கை ரப்பர்தான் பெரும்பங்கு. இறங்கும்போது எழும் சூட்டை அது நன்றாகத் தாங்கும்.

சரி, மேடை ஒரு மீட்டருக்கு மேல் நகர இடமில்லாத அறையில், ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதையில் விரையும் உணர்வை எப்படித் தருகிறார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் எழும்புவதற்காக ஓடும்போது முடுக்கம் ஏறக்குறைய வினாடிக்கு வினாடி 2 மீட்டர். (பள்ளியில் மலாயில் ‘பெச்சூத்தான்’ என்று படிப்பது இதைத்தான்.) தூரம் என்பது பாதி முடுக்கம் பெருக்கல் நேரத்தின் வர்க்கம். முடுக்கம் 2 என்றால், மேடை நகரக்கூடிய ஒரு மீட்டர் ஒரே வினாடியில் தீர்ந்துவிடும்! உண்மையான விமானமோ அரை நிமிடத்துக்கு மேல் முடுக்கிக்கொண்டே ஓடுகிறது.

இங்கேதான் புவியீர்ப்பைக் கடன் வாங்குகிறார்கள். மேடை மெதுவாகப் பின்னுக்குச் சாய்கிறது. இப்போது விமானியின் எடையில் ஒரு பகுதி அவர் முதுகை நாற்காலியில் அழுத்துகிறது. ஜன்னல்களுக்கு வெளியே உள்ள திரையில் ஓடுபாதை சமமாகவே தெரிவதால், சாய்ந்திருக்கிறோம் என்று கண் சொல்லாது. “முன்னே தள்ளப்படுகிறேன்” என்றே மூளை முடிவு செய்யும். உள்காதில் நேர்கோட்டு முடுக்கத்தை உணரும் உறுப்புக்கு, சாய்வையும் முடுக்கத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எத்தனை பாகை சாய வேண்டும்? 2-ஐ 9.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.2. சைன் மதிப்பு 0.2 வரும் கோணம் ஏறக்குறைய 12 பாகை. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். சாய்வது தெரியக்கூடாது என்பதால் வினாடிக்குச் சுமார் 3 பாகைக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். முதல் வினாடியில் கால்கள் கொடுக்கும் தள்ளல், அடுத்த சில வினாடிகளில் நிதானமாகச் சேரும் சாய்வு, இடையில் விழும் சிறு இடைவெளியை மறைக்க எஞ்சின் இரைச்சலும் விரைந்தோடும் காட்சியும். அந்தப் பெட்டிக்குள் நடப்பது ஒரு நேர்மையான ஏமாற்று.

ஆனால் ஏமாற்றுக்கு எல்லை உண்டு. புவியீர்ப்பைச் சாய்த்துக் கொடுக்கலாமே தவிர, கூட்டிக் கொடுக்க இந்தக் கால்களால் முடியாது. ஹோர்னெட் விமானம் கடுமையாகத் திரும்பும்போது விமானியின் உடம்பு தன் எடையைப்போல் ஏழு மடங்குக்கு மேல் கனக்கும். அதை ஆறுகால் மேடையில் உணர வைக்க வழியே இல்லை. அதற்கு ராட்சத ராட்டினம்போல் சுழலும் வேறொரு பொறி வேண்டும்.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி அதுதான். லங்காவியிலும் மலாக்காவிலும் விமானப் பயிற்சிப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. உரிமம் பெறும் வரை சில இலட்சம் ரிங்கிட் செலவாகும். சிமுலேட்டரில் ஒரு மணி நேரம், வானத்தில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துமா? இதை அளக்க ஸ்டான்லி ராஸ்கோ என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வழி சொன்னார். வானத்தில் மிச்சமான நேரத்தை, சிமுலேட்டரில் செலவான நேரத்தால் வகுக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாடத்தை விமானத்திலேயே கற்க 10 மணி நேரம் ஆகிறது. முதலில் 5 மணி சிமுலேட்டரில் பழகியவருக்கு வானத்தில் 7 மணி போதும். மிச்சம் 3, செலவு 5, விகிதம் 0.6. “அப்படியானால் இன்னும் 5 மணி பழகட்டும்” என்று விட்டால், வானத்தில் 6 மணி ஆகிறது. இரண்டாவது 5 மணி மிச்சப்படுத்தியது ஒரே மணி, விகிதம் 0.2. சிமுலேட்டர் வாடகை விமானச் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்றால், முதல் 5 மணி இலாபம், அடுத்த 5 மணி நட்டம். போகப் போகப் பலன் குறையும் என்பதுதான் 1971-ல் ராஸ்கோ காட்டிய முடிவு. முழுக்கச் சிமுலேட்டரிலேயே விமானியாகிவிடலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

விகிதம் சுழியத்துக்கும் கீழே போகுமா? போகும். சிமுலேட்டர் பொய் சொன்னால், விமானி அந்தப் பொய்யையும் பாடமாகக் கற்றுக்கொள்வார்.

2001 நவம்பர் 12-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. முன்னே போன பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் அது சற்றுக் குலுங்கியது. துணை விமானி சுக்கானை இடமும் வலமுமாக மாறி மாறி, முழு அளவுக்கு மிதித்தார். அந்த விசை தாங்காமல் செங்குத்து வால் பிய்ந்து விழுந்தது. விமானத்தில் 260 பேர், தரையில் 5 பேர் உயிரிழந்தார்கள். அந்த அளவுக்கு மிதிக்கத் தேவையே இருக்கவில்லை. ஏன் மிதித்தார்? விசாரணை அந்த வகை விமானத்தின் சுக்கான் அமைப்பைக் குறை சொன்னது. நிறுவனத்தின் பயிற்சியையும் குறை சொன்னது. சிமுலேட்டரில் காற்றுச் சுழல் பாடம் நடத்தும்போது, விமானம் பக்கவாட்டில் 90 பாகைக்கும் மேல் புரளும்படி அமைத்திருந்தார்கள். தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் வேலை செய்யாதபடியும் வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய விமானம் உண்மையில் அப்படிப் புரளாது. “சுழல் என்றால் பேராபத்து, பலமாக மிதி” என்பதே மாணவர் மனத்தில் பதியக்கூடிய பாடம். நல்ல எண்ணத்தில் நடத்திய வகுப்புதான் அது.

போயிங் 737 மேக்ஸ் கதை இதற்கு மறுபக்கம். அந்த விமானத்தில் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் புதிய மென்பொருள் ஒன்று இருந்தது. பழைய 737 ஓட்டியவர்களுக்குக் கணினியில் ஒரு சிறு பாடம் போதும், சிமுலேட்டர் பயிற்சி தேவையில்லை என்று சொல்லப்பட்டது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானமும், 2019 மார்ச்சில் எத்தியோப்பிய விமானமும் விழுந்தன. இரண்டிலும் சேர்த்து 346 பேர். பிறகு இன்னொன்றும் தெரிய வந்தது. மென்பொருளை நிறுத்திவிட்டு, வால்பகுதியைக் கையால் சக்கரம் சுற்றித் திருத்த வேண்டிய நிலையில், அதிவேகத்தில் அந்தச் சக்கரம் எவ்வளவு இறுகிப்போகும் என்பதை மேக்ஸ் சிமுலேட்டர்கள் சரியாகக் காட்டவில்லை. 2019 மே மாதம் போயிங் அதைத் திருத்தியதாக அறிவித்தது. மறு ஆண்டு, மேக்ஸ் மீண்டும் பறக்க அமெரிக்கா அனுமதித்தபோது, விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானது.

இன்னொரு குறையை எந்தப் பொறியாலும் தீர்க்க முடியாது. சிமுலேட்டருக்குள் நுழையும்போதே ஏதோ கெடப்போகிறது என்று விமானிக்குத் தெரியும். 2009 ஜனவரி 15-ஆம் தேதி, பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்த ஏ320 விமானத்தைக் கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார், அனைவரும் பிழைத்தார்கள். விமான நிலையத்துக்கே திரும்பியிருக்கலாமா என்று பின்னர் சிமுலேட்டரில் சோதித்தார்கள். அடிபட்ட கணமே திரும்பிய விமானிகளில் சிலர் ஓடுபாதையை எட்டினார்கள். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள மனிதருக்கு ஆகும் நேரமாக 35 விநாடி சேர்த்ததும், எட்ட முடியவில்லை.

வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரோ எக்ஸ்-பிளேனோ வைத்திருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதில் ஓட்டும் மணிகள் எந்த உரிமத்துக்கும் கணக்கில் வராது. கைப்பிடியின் கனம், காதின் ஏமாற்று, எதுவும் அதில் இல்லை. ஆனால் கருவிகளைப் படிக்கவும், திசை பார்க்கவும், நேரத்தைக் கணக்கிடவும் அது நல்ல ஆசிரியர். மேசையில் மோதிச் சிரிப்பதை விட்டு, ஒரு பயணத்தைத் திட்டமிட்டு ஓட்டிப் பாருங்கள்.

சின்னச் செஸ்னா விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு பினாங்கு விமான நிலையத்தில் 04 எண் ஓடுபாதையில் நில்லுங்கள். 04 என்றால் திசைகாட்டியில் ஏறக்குறைய 40 பாகை. கடைசிச் சுழியத்தை விட்டுவிடுவது வழக்கம். கிளம்பி, திசையை 65 பாகைக்கு மாற்றுங்கள். லூனாஸ் அந்தத் திசையில் சுமார் 30 கிலோமீட்டர். மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பதினொரு நிமிடம். உயரம் 1500 அடியில் நிறுத்துங்கள். அது ஏறக்குறைய 457 மீட்டர். கடலைத் தாண்டி, பட்டர்வொர்த் இடப்பக்கம் போகும். புக்கிட் மெர்தாஜாம் மலை உங்கள் பாதைக்கு வலப்பக்கம் நான்கு கிலோமீட்டர் தள்ளி நிற்கும்.

இரண்டாம் முறை, இடப்பக்கத்திலிருந்து வீசும் காற்றை மணிக்கு 28 கிலோமீட்டர் என்று வைத்து, திரையின் மேல்பாதியை அட்டையால் மறைத்துக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுங்கள். திசை அதே 65. பதினொரு நிமிடத்தில் காற்று உங்களை எத்தனை கிலோமீட்டர் வலப்பக்கம் தள்ளியிருக்கும்? 28-ஐ 11-ஆல் பெருக்கி 60-ஆல் வகுங்கள். பிறகு, மலையின் உயரத்தையும் உங்கள் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அட்டையை எடுப்பதற்கு முன்பே திசையை எத்தனை பாகை இடப்பக்கம் திருத்தியிருக்க வேண்டும் என்பதைத் தாளில் வரைந்து கண்டுபிடித்து, மூன்றாம் முறை கிளம்புங்கள்.